எல்லாருக்கும் மூணு

– கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு, செழியா.

– கஸ்டமர் வர்ற நேரம், நந்தினிக்கா. பௌர்ணமி வேற, கிரிவலக் கூட்டம்...

– வந்தா தட்டுவாங்க. இந்த ஜாதகப் பொருத்தம் பாக்குற சாஃப்ட்வேர எழுதினது நீதான?

– என்னக்கா புதுசா கேக்குறீங்க? ரெண்டு வருஷமா உங்க கடையில ஓடுது.

– ஒழுங்காதான் ஓடிச்சு. இப்ப என் தங்கச்சி ஜாதகத்தைப் போட்டா மட்டும் மூணுக்கு மேல ஏற மாட்டேங்குது.

– சினேகாவுக்கா?

– எனக்கு வேற தங்கச்சி இருக்காளா?

– பத்துப் பொருத்தத்துல மூணு சில பேருக்கு வரும்க்கா. ரஜ்ஜு தட்டியிருக்கும்...

– எனக்கே ரஜ்ஜு சொல்லித் தரியா? கீழ்பென்னாத்தூர் பையனோடத பஞ்சாங்கத்தை வச்சு கையால பாத்தேன். எட்டு. மெஷின்ல மூணு.

– பொறந்த நேரத்தைத் தப்பா அடிச்சிருப்பீங்க.

– நாலு வாட்டி அடிச்சேன். போன மாசம் வந்த வேங்கிக்கால் பையனுக்கும் மூணு. அதுக்கு முன்னாடி வந்த போளூர்காரனுக்கும் மூணு. எல்லாருக்கும் மூணுன்னா அது பொருத்தமா, ரேஷன் கடை சர்க்கரையா?

– பிரிண்டர்ல பேப்பர் இருக்கான்னு பாத்துட்டு வரேன்க்கா.

– நழுவாத. நீ எழுதின ப்ரோகிராம் கோடு உன்கிட்டதான இருக்கு?

– ஆமா. கடையில இருக்கிறது கம்பைல் பண்ணின, மெஷின் மட்டும் படிக்கிற ஃபைல். அதைத் தொறந்து பாத்தாலும் உங்களுக்கு ஒண்ணும் புரியாது.

– புரியாதுங்கிற தைரியத்துலதான உள்ள வேலை பண்ணியிருக்க. லேப்டாப்பைத் தொற.

– இந்தாங்க, பாருங்க. இது டெம்ப்ளேட். கொழுக்கட்டை அச்சு மாதிரி. உள்ள ஜாதகம் வச்சாலும் சரி, பேர் ராசி வச்சாலும் சரி, அச்சு ஒண்ணுதான்.

– இது என்னா, ரெண்டு சமக்குறி பக்கத்துல பக்கத்துல?

– ரெண்டும் பொருந்துதான்னு கேக்குற குறி. வெறும் நம்பருன்னா அதுக்கு அர்த்தம் தெரியும். ஜாதகத்துக்குத் தெரியாது. அங்க அது என்ன பண்ணணும்னு நாமதான் எழுதணும். ஆபரேட்டர் ஓவர்லோடிங்னு...

– அப்ப பொருந்துறதும் பொருந்தாததும் எழுதுறவன் இஷ்டம்.

– அப்படி இல்லக்கா...

– கீழ போ. இன்னும் கீழ. நில்லு. இங்க எதுக்கு சினேகா பேரு?

– அது... அவ ஜாதகத்துக்கு மட்டும் தனி அச்சு. யாரைச் சேத்தாலும் மூணுதான் வரும்.

– வர்றவனையெல்லாம் தொரத்திட்டு கடைசில நீ ஒருத்தன் நிக்கலாம்னு பாக்குற. அதான?

– சத்தியமா இல்லக்கா.

– உங்க அம்மா போன வாரம் உன் ஜாதகத்தை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. தெரியுமா?

– எங்க அம்மாவா... எனக்குத் தெரியாதே.

– உன்னோடதையும் கையால பாத்தேன். ஒம்போது.

– ஒம்போதா?

– ரொம்ப சந்தோஷப்படாத. மெஷின்லயும் போட்டேன்.

– மூணு.

– மூணு. அங்கதான் எனக்கு இடிக்குது. திருடுறவன் தனக்கு எடுத்துக்காமலா போவான்? யாருக்காக இதை எழுதின?

– நான் எழுதலக்கா.

– பின்ன, மலையில இருந்து சாமி எறங்கி வந்து எழுதிச்சா?

– சினேகா எழுதினா. இன்டர்வியூவுக்கு ப்ரோகிராம் எழுதச் சொல்லிக் குடுங்கன்னு மத்தியானம் இங்க வந்து உக்காருவால்ல... கத்துக்கிட்டு அவ மொதமொதல்ல எழுதினதே இதான்.

– நீயும் அதைக் கம்பைல் பண்ணி என் மெஷின்ல ஏத்திட்ட.

– ஏத்தினேன். பெங்களூர் வேலை கெடைக்கிற வரைக்கும் போதும்னா. நிச்சயம் ஆயிட்டா அப்பா வேலைக்கு அனுப்ப மாட்டாருன்னு அழுதாக்கா.

– கூடப் பொறந்தவ நான் இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. மனசு கஷ்டமா இருக்குடா.

– உங்களுக்குப் பயந்துதான். உங்க கடை பிரிண்ட்டைத்தான உங்க அப்பா நம்புறாரு.

– சாயங்காலம் கீழ்பென்னாத்தூர்க்காரங்க வர்றாங்க. நான் எட்டுன்னு வாயைத் தொறந்தா இன்னிக்கே தட்டு மாத்திடுவாங்க.

– என்னக்கா சொல்லப் போறீங்க?

– மெஷின் சொல்றதைத்தான். பிரிண்ட் போடு... மூணுன்னே வரட்டும்.

– சரிக்கா.

– இரு. இன்னும் ஒண்ணு கேக்கணும். ஒம்போது பொருத்தம் இருக்கு. தெனமும் அவ பக்கத்துலதான் உக்காந்திருந்த. உனக்குன்னு அதுல தனியா ஒரு வரி எழுதிக்கணும்னு தோணவே இல்லியா?

– தோணிச்சுக்கா. எழுதினேன்... மறுநாளே அவ அழிச்சிட்டா.