ஐந்தாவது பிட்சர்

ஒரு பேஸ்பால் டீமில் முதல் நான்கு பிட்சர்களை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துவிடலாம். ஐந்தாவது ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாஞ்சி அண்ணா, இது உங்களுக்குத் தெரியாததில்லை, லீகை நடத்துகிறவரே நீங்கள்தான். ஆனால் இந்தக் கடிதத்தை ராஜலக்ஷ்மி அண்ணியிடம் காட்டுவீர்கள், பிறகு யார் யாரிடமோ காட்டுவீர்கள். பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நாம் எட்டு டீம். ஏப்ரல் மாதம் பார்சிப்பனியில் உங்கள் வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்து, நிஜ ஆட்டக்காரர்களைக் காகிதத்தில் ஏலம் எடுக்கிறோம். அவர்கள் மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அது நமக்குப் புள்ளியாக ஏறுகிறது. மேட்சைத் தொடங்கிப் பந்து வீசுகிற பிட்சருக்கு ஒரு நாள் வீசினால் நாலு நாள் ஓய்வு வேண்டும். ஆகவே ஐந்து பேர். நாலு பேர் நல்லவர்களாக அமைந்துவிடுவார்கள். ஐந்தாவது இடத்துக்கு மிச்சம் இருப்பவன் எல்லாம் அரைகுறை. இரண்டு அரைகுறைகளில் யார் கொஞ்சம் தேவலை என்று கண்டுபிடிக்க ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும், எண்கள் மட்டும் போதாது. நான் பார்த்தேன், வெள்ளியங்கிரி பார்க்கவில்லை. போன செப்டம்பரில் நடந்ததற்கெல்லாம் ஆரம்பம் இவ்வளவுதான்.

நானும் அவனும் எடிசனில் ஒரே அபார்ட்மென்ட், லீகில் ஒரே டீம். ஒரே கன்சல்டிங் கம்பெனி எங்களை விசா போட்டுக் கூட்டிவந்தது. அவனுக்கு மன்ஹாட்டனில் பிராஜெக்ட். காலை ஏழு பத்து ரயிலைப் பிடித்தால் மாலை ஆறரைக்கு வருவான். என் பிராஜெக்ட் ஜூனில் முடிந்தது. அதற்குப் பிறகு நான் பெஞ்ச், அதாவது அடுத்த பிராஜெக்டுக்குக் கம்பெனி கூப்பிடும்வரை வீட்டில் ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஷூவைக் கழற்றும்போதே, "கம்பெனில இருந்து ஃபோன் வந்துச்சாடா?" என்று கேட்பான். அக்கறையில் கேட்டான் என்று நீங்கள் சொல்வீர்கள். தொண்ணூறு நாள் தொடர்ந்து கேட்டால் அக்கறைக்கும் ஒரு அளவு இருக்கிறது.

பகல் மேட்ச்களை நான் டிவியில் பார்த்தேன். ஹாஸ்கின்ஸ் என்று ஒரு இடதுகைக்காரன், முப்பத்தேழு வயது, வேகம் கிடையாது. ஆனால் எதிரில் நிற்பவன் எதற்கு ஆசைப்படுகிறான் என்று தெரிந்து, அதைக் கொடுக்காமல் வீசுவான். வெள்ளியங்கிரிக்குப் பிடித்தவன் பெலாயோ. இருபத்துமூன்று வயது, நல்ல வேகம், பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. ஆபீஸ் பிரிண்டரில் நாற்பது பக்கம் எண்களை அச்சடித்துக்கொண்டு வந்து, "பாருடா, ஆகஸ்டுக்கு அப்புறம் இவன் ரன்னே குடுக்கறதில்ல," என்பான். மூன்று வாரம் இதே பேச்சு.

உங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடினோமே, அந்த ஞாயிறு நினைவிருக்கும். நான் ஹாஸ்கின்ஸ் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளியங்கிரி குறுக்கே புகுந்தான்.

"தேவாவுக்கு என்னங்க, நாள் பூரா ஊட்ல உக்காந்து டிவி பாக்கறான். ஹாஸ்கின்ஸ் மேல பாசம் வராம என்ன பண்ணும்? ரெண்டு பேரையுமே எந்த டீமும் கூப்பிடறதில்லீங்களே."

எல்லோரும் சிரித்தீர்கள். இன்னொரு டீம்காரர் சேனாபதிக்குப் புரையேறியது. அண்ணி சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடியே சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள் அண்ணா, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா கலாய்க்கறான்ப்பா," என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இதை நான் மறைக்கவில்லை. தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன், மோரும் வாங்கிக் குடித்தேன். கோபம் மட்டும் இறங்கவில்லை. இதை எழுதும்போதும் அப்படியேதான் இருக்கிறது.

திரும்பி வரும்போது காரில் அவனே ஆரம்பித்தான். "கோச்சுக்காதடா. அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேருமே பால் போடறாங்க. ஒண்ணா உக்காந்து பாக்கலாம். உன்ற ஆளு நல்லா போட்டான்னா அடுத்த வருஷம் டீமே உன்னுது. நான் வாயத் தொறக்க மாட்டேன்." நான் சரி என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தாவது பிட்சரின் பெயரை உங்களிடம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவன் வியாழக்கிழமையே ஆபீஸிலிருந்து உங்களுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டான், பெலாயோ என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஈமெயில் உங்களிடம் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. கம்பெனியாக இருக்கும் என்று இரண்டாவது மணியிலேயே எடுத்தேன். அவனுடைய தங்கை சாந்தாமணி, கோயம்புத்தூரிலிருந்து. ஐஎஸ்டி பூத்தில் மீட்டர் ஓடுகிற வேகத்துக்குப் பேசினாள்.

"ஏனுங்ணா, அண்ணன் வேலைக்குப் போயிருச்சுங்களா? அப்பாவுக்கு நேத்திருந்து நெஞ்சு வலிங்க. ஐசியூல வெச்சிருக்காங்க. டாக்டரு ரெண்டு நாளுதான்னு சொல்றாருங்க. கண்ணு முழிச்சா அண்ணனத்தான் கேக்கறாரு. வரக்கூட வேண்டாமுங்க, ஒருக்கா பேசச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிலயே ஃபோன காதுல வெக்கறேன்னு நர்ஸம்மா சொல்லீருக்காங்க. நம்பர் குறிச்சுக்கறீங்களா?"

குறித்துக்கொண்டேன். ஃபோனுக்குப் பக்கத்தில் இருந்தது அவனுடைய பெலாயோ காகிதம்தான். அதன் பின்பக்கத்தில் நம்பரை எழுதி, அவளிடம் ஒருமுறை படித்தும் காட்டினேன். "சொல்லீருவீங்கல்லங்ணா?" என்றாள். "சொல்றேன்மா," என்றேன்.

அவனுடைய ஆபீஸ் நம்பர் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்தது. நான் எழுந்து அதன் எதிரில் போய் நின்றதும் உண்மை. அங்கே நின்று யோசித்தேன். சொன்னால் அவன் உடனே டிக்கெட்டுக்கு ஓடுவான். சனிக்கிழமை விமானம் ஏறுவான். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்கின்ஸ் வீசும்போது இந்த சோஃபாவில் அவன் இருக்க மாட்டான். பிறகு ஊரிலிருந்து திரும்பி வந்தவனிடம், அப்பாவைப் பறிகொடுத்தவனிடம், என் ஆள்தான் ஜெயித்தான் என்று சொல்ல முடியுமா? அது நாகரிகமாக இருக்காது. விஷயம் அப்படியே அமுங்கிவிடும். எல்லோரும் சிரித்தது மட்டும் மிஞ்சும்.

இன்னொன்றையும் யோசித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அங்கே விடிகிற நேரம் பார்த்து, அவனே காலிங் கார்டு போட்டு வீட்டுக்குப் பேசுவான். எப்படியும் அப்போது தெரிந்துவிடப் போகிறது. ஆகவே நான் எதையும் மறைக்கவில்லை. அதன் நேரம் வரும்வரை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்று மாலை வந்ததும் வழக்கம்போலக் கேட்டான், "கம்பெனில இருந்து ஃபோன் வந்துச்சாடா?" இல்லை என்றேன். கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில். வேறு மாதிரி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவன் வேறு மாதிரி கேட்டதே இல்லை.

சனிக்கிழமை காலை அவன் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது சாந்தாமணி மறுபடி கூப்பிட்டாள். "அண்ணன் பேசவே இல்லீங்களே. நேத்திருந்து அந்த ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருக்கனுங்க." நான் சொன்னேன், "அவன் டிக்கெட் போட்டுட்டான்மா. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டான். அவசரத்துல பேச முடியல." அவள் அழுதாள், ஆனால் நிம்மதியில் அழுதாள். "அப்பாகிட்ட சொல்லீர்றனுங்க. வந்துட்டிருக்குதுன்னு சொன்னா அவருக்குப் போதுமுங்க," என்றாள். அந்த மனிதர் மகன் வருகிறான் என்ற நினைப்போடு இருந்தார். அந்த வீட்டில் யாராவது அவருக்கு ஒரு நல்ல செய்தி கொடுத்தார்கள் என்றால் அது நான்தான்.

இனி அவள் கூப்பிட்டால் சரிவராது. வெள்ளியங்கிரி வருவதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டு இன்டர்நெட்டை இணைத்தேன். எங்கள் வீட்டில் ஒரே லைன். இன்டர்நெட் ஓடினால் உள்ளே எந்த ஃபோனும் வராது, கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். நடுநடுவே துண்டித்துக்கொள்ளும், மறுபடி போடுவேன். பிட்சர்களுடைய எண்களைத் திரையில் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். அவன் கத்தரிக்காய்ப் பையோடு வந்து எட்டிப் பார்த்தான். என் தோளில் தட்டினான்.

"பரவால்லயே. கடைசில நீயும் நம்பர் பாக்க ஆரம்பிச்சுட்டயே."

அன்று அவன்தான் சமைத்தான். எனக்குப் பிடிக்கும் என்று அப்பளம் பொரித்தான். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். எதையும் விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக்கு மேட்ச். ஹாஸ்கின்ஸ் ஏழு இன்னிங்ஸ் வீசினான், ஒரே ஒரு ரன்தான் கொடுத்தான். பெலாயோ வேறு ஊரில் வீசினான். அந்த ஸ்கோர் கம்ப்யூட்டரில் வந்தது. மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஆறு ரன் கொடுத்தான், பேஸ்பாலில் அது மிக அதிகம். அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். பெலாயோதான் எங்கள் டீமில் இருந்தான், ஆகவே எங்களுக்குத்தான் அடி. இரண்டாவது இடத்திலிருந்து நான்காவதுக்கு இறங்கினோம். சொந்த டீம் தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டிவியை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் சோம்பல் முறித்தான். "சரிடா. நீ சொன்னதுதான் ரைட்டு. மேட்ச் பாக்கறவனுக்குத்தான் தெரியுது. அடுத்த வருஷம் டீம் உன்னுது," என்றான். சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனான். "இஞ்சி போடட்டுமா?"

இவ்வளவுதானா அண்ணா? எட்டுப் பேர் முன்னால் என்னை உரித்தான். நான் இரண்டு நாள் அந்த ஃபோனைக் காவல் காத்தேன். அவனுக்கு அது ஒன்றுமே இல்லை. தோற்றது கூட அவனுக்கு உறைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் போய் இன்டர்நெட்டைத் துண்டித்தேன்.

நான்கு நிமிடத்தில் ஃபோன் அடித்தது. நான் எடுக்கவில்லை. அவன் டீ வடிகட்டியோடு வந்து எடுத்தான்.

"சாந்தா? நாந்தான் பேசறேன்... நாந்தான் சாமி, அண்ணன்... எந்த ஃப்ளைட்டு? நான் ஊட்லதான இருக்கேன்... யாரு வர்றதுன்னு சொன்னது?"

அப்பா இறந்து பதின்மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மகன் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறான் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். எந்த விமானம், எத்தனை மணிக்கு எடுப்பது என்று என்னிடம் கேட்கத்தான் அவள் அங்கே ராத்திரி இரண்டு மணிக்கு எதிர் வீட்டு ஃபோனிலிருந்து விடாமல் முயன்றிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது அவன் முகம் மட்டும். கேட்டுக்கொண்டே மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். பெலாயோவை வெளியே அனுப்பியபோது நான் எதிர்பார்த்த முகம் அதுதான். கொஞ்சம் தாமதமாக வந்தது.

பெலாயோ காகிதத்தைத் திருப்பி அவனிடம் கொடுத்தேன். நம்பர் தெளிவாக இருந்தது. அவன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் கணக்கு அன்றே முடிந்திருக்கும்.

ஊரிலிருந்து அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை, நேரே டெக்ஸாஸ் பிராஜெக்டுக்குப் போய்விட்டான். சாமான்களை சேனாபதி வந்து எடுத்துப்போனார், என் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நீங்கள் ஒரே வரியில் ஈமெயில் அனுப்பினீர்கள்: "ஏம்ப்பா இப்படிப் பண்ணே?" அதற்குத்தான் இத்தனை பக்கம். சாந்தாமணியின் ஃபோனை நான் இரண்டு முறை எடுத்தேன். சொல்லவில்லை. பொய் சொன்னேன். லைனை அடைத்தேன். அவன் ஃபோனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். பேசியிருக்கலாம். அவன் அப்பா சனிக்கிழமை ராத்திரிவரை நினைவோடுதான் இருந்தார் என்று சேனாபதி சொன்னார்.

நான் கேட்பது ஒன்றுதான். ஏப்ரல் ஏலத்தில் என் நாற்காலி எனக்கு வேண்டும். டீம் என்னுடையது என்று அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். அவன் வாக்கை நீங்கள் மதிக்க வேண்டும். நான் இந்தக் குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து எண்களைப் பார்த்திருக்கிறேன். ஹாஸ்கின்ஸ் அன்றைக்கு நன்றாக வீசினான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனால் முடியவில்லை, ஆட்டத்தையே விட்டுவிட்டான். முழு வருடத்தையும் வைத்துப் பார்த்தால் பெலாயோதான் சரியான ஆள். ஐந்தாவது இடத்துக்கு அவனைத்தான் எடுக்கப் போகிறேன்.

அதை மட்டும் வெள்ளியங்கிரியிடம் சொல்லிவிடாதீர்கள்.