பாலத்தில் நின்ற தேனீ லாரி

என் பெயர் லியோந்தின் பூசூயோக். வயது 61. வில்சியா மாவட்டம், கிரிவெனி கிராமம், 114ஆம் எண் வீட்டில் மனைவி சவேதாவுடன் வசித்து வருகிறேன். தொழில் தேனீ வளர்ப்பு. லாரி ஓட்ட உரிமம் உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி வாக்குமூலம் எழுதும் போலீஸ் அதிகாரி சொல்லியிருக்கிறார். முயல்கிறேன்.

சம்பவத்தில் சொல்லப்படும் என் லாரி 1987 மாடல். அதன் முதுகில் ஐம்பத்திரண்டு தேன்பெட்டிகளைப் பொருத்தி, அகேசியா மரம் பூக்கும் காடுகளுக்கெல்லாம் கொண்டுபோவது வழக்கம். ஸ்டார்ட்டர் காலையில் முரண்டு பிடிக்கும். டீசல் பம்ப் ஒழுகும். ரேடியேட்டரை மூன்று முறை பற்றவைத்தாயிற்று. நான்காவது கியர் தானாக நழுவும் என்பதால் சவேதா முழங்காலால் கியர் கம்பிக்கு முட்டுக்கொடுத்தபடி வருவாள். இவை எதுவும் நடந்த சம்பவத்துக்குக் காரணமல்ல.

மே முதல் வாரம் மெக்கானிக் பாம்ஃபில் என்னிடம், "காத்து கம்ப்ரஸர் போச்சுண்ணே. புதுசு ரெண்டாயிரத்து நூறு லெய். இதுக்கே ரிங் மாத்தினா நானூறு. ரெண்டும் வேணாம்னா நடுரோட்டுல உக்காந்துடும், அப்புறம் என்னத் திட்டாதீங்க" என்றான். எப்படியும் மூன்று நாள் வண்டி பட்டறையில் நிற்க வேண்டும். பூ பத்து நாள்தான் இருக்கும். எனக்கு மனம் வரவில்லை. இருபது லெய்க்கு ஹோஸில் ஒரு கிளிப் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திடீரெனப் பழுதானதாகச் சொல்லும்படி வக்கீல் சொன்னார். திடீரென அல்ல. எனக்குத் தெரியும்.

அதன் பிறகு மே 17, ஞாயிறு, காலை ஐந்தரை மணிக்கு வல்யா மோரி ஆற்றுப் பாலத்தின் நடுவில் காற்றழுத்த முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. இந்த வகை லாரியில் காற்று இருந்தால்தான் பின் பிரேக் விடும். காற்று போனால் ஸ்பிரிங் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அதைக் கையால் விடுவிக்க இரண்டு நீளமான போல்ட்டுகள் உண்டு. அவை என் கருவிப் பெட்டியில் இருந்தன, ஆனால் மாட்டினாலும் பிரேக் இல்லாத லாரியை இழுக்க அந்நேரம் வேறு வண்டி இல்லை.

அதன் பிறகு வெயில் ஏறியது. ஏழரை மணிக்கு சவேதா ஒரு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ஏய்யா, உள்ள வேகுது. மெழுகு வாசம் வருது. திறந்து விடுறியா, இல்ல நான் திறக்கட்டுமா?" என்றாள். ஐம்பத்திரண்டு கதவுகளையும் நானே திறந்தேன். கதவு திறந்தால் தேனீ முதலில் தன் வீடு நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகுதான் பூவுக்குப் போகும். அதற்குப் பிறகு வீட்டை நகர்த்தினால், திரும்பி வந்து வெறும் காற்றைச் சுற்றியே சாகும்.

இரண்டு நாள் தூக்கமில்லாததால் அடுத்த இரண்டு மணி நேரம் எனக்குச் சரியாக நினைவில்லை. பாலத்தின் இரும்பு முழுவதும் ரீங்காரம் ஏறியிருந்தது. கைப்பிடியில் தலை சாய்த்தால் பல் கூசியது. ஆற்று நீர் வெள்ளைப் பூக்களைச் சுமந்து மெதுவாகப் போனது. லாரி நின்றபடியே ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஓடுவதாகவும், நான் ஓட்ட வேண்டியதில்லை என்பதாகவும் தோன்றியது. சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் டிரகோமிர் டிராக்டருடன் வந்தார். பின்னால் ஒரு கல்யாணக் கூட்டம் நின்றது. தேவாலயம் எதிர்க்கரையில்.

"பெரியவரே, போல்ட்ட மாட்டுங்க. டிராக்டர் இழுத்துடும்."

"சாயங்காலம் வரைக்கும் முடியாது சார். பாதிப் பேர் வெளிய போயிருக்காங்க."

"யாரு?"

"தேனீங்க."

"அதுங்களுக்கு நான் ஹாஜர் எடுக்கணுமா? மாட்டுய்யா!"

கல்யாணப் பெண்ணின் தகப்பனார் ரேமுஸ் என்பவர் என் தாயைப் பற்றி ஒன்று சொன்னார். அது இங்கே தேவையில்லை. அதன் பிறகு நான் கருவிப் பெட்டியைத் திறந்து இரண்டு போல்ட்டுகளையும் ஆற்றில் எறிந்தேன். கை தவறவில்லை. யாரும் தூண்டவில்லை.

அதன் பிறகு கல்யாணப் பெண் காரைவிட்டு இறங்கினாள். சவேதா அவளிடம், "வாம்மா, இந்தக் கூட்டத்துலயே வேலைக்கு ஏத்த உடுப்புல வந்தவ நீ ஒருத்திதான்" என்று சொல்லி, தேனீக்காரர் வலைபோல அவள் முகத்திரையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். லாரிக்கும் கைப்பிடிக்கும் நடுவில், தேனீ மேகத்துக்குள் அவள் கை வீசாமல் மெதுவாக நடந்தாள். ஒன்றும் கொட்டவில்லை. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். ரேமுஸ் கையை வீசினார். மூன்று இடங்களில் கொட்டு வாங்கினார். அதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன், பெரிய வருத்தமில்லை.

அதன் பிறகு மாலையில் பாம்ஃபில் வேறு கம்ப்ரஸரும் போல்ட்டுகளும் கொண்டுவந்து பொருத்தினான். வெளிச்சம் மங்கியதும் கதவுகளை அடைத்து வண்டியை எடுத்தோம். எல்லாம் வந்துவிட்டதா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். வந்துவிட்டது என்றேன். அது பொய். கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் பேர் தாமதமாக வந்து, லாரி நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சவேதா பார்த்துவிட்டு, முழங்காலால் கியர் கம்பிக்கு முட்டுக்கொடுத்தாள்.

இன்று காலை ஒரு காலிப் பெட்டியுடன் முதல் பஸ்ஸில் பாலத்துக்குத் திரும்பினேன். போல்ட்டைத் தேடி எடுத்துத் தடயத்தை அழிக்க வந்ததாக அறிக்கையில் எழுதியிருப்பது தவறு. கைப்பிடியில் ஒரு முஷ்டி அளவு தேனீக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தொங்கின. அவற்றைப் பெட்டிக்குள் உதிர்த்து மூடிய நேரத்தில் போலீஸார் என்னைப் பிடித்தார்கள். பெட்டியைச் சான்றுப்பொருள் என்று எழுதி, கதவின் மேல் டேப் ஒட்டி, காற்று வரும் ஓட்டைகளையும் சேர்த்து முத்திரை வைத்தார்கள்.

அந்தப் பெட்டி இப்போது இந்த அறையின் ஜன்னலில் இருக்கிறது. மணி பதினொன்று இருபது. வெயில் அதன்மேல் விழுந்து அரைமணி ஆகிறது. நான் வாக்குமூலம் தொடங்கியபோது உள்ளே கேட்ட சத்தம் இப்போது பாதிகூட இல்லை.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன். அந்த முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) லியோந்தின் பூசூயோக்
காலை 11.23