டைப்பிங் கடையில் நடந்த விசாரணை

"வாய் திறந்து ஒரு கதை கதைக்கமாட்டாள். அவள் எங்க நூறு பக்கம் எழுதினவள்? மெஷின்தான் எழுதியிருக்கும்."

பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து வந்த அந்தப் பேச்சு தன்னைப் பற்றியதுதான் என்று கஜலட்சுமிக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. கெட்டம்பேயில் இறங்கி, நேரே ரபீகாவின் டைப்பிங் கடைக்குள் நுழைந்தாள். பின்னேரம் கெம்பஸில் விசாரணை. ஆய்வுக்கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதிவிட்டு, அப்படி எதையும் பாவிக்கவில்லை என்று கையெழுத்தும் வைத்துவிட்டாள் என்பது அவள்மேல் குற்றம். சரியான பதில் இல்லாவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை. அவளோ ஒரு வரிகூட மெஷினிடம் கேட்டவள் அல்ல. கையால் எழுதினாள், ரபீகா டைப் செய்தார், டிப்பார்ட்மென்டுக்கு மெயிலில் அனுப்பியதும் அவர்தான். அவரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஒரு வார்த்தைக்கு அந்தக் கடையில் இடம் இருக்கவில்லை.

"...நீயே செல்லு மகள், இது நியாயமா? வா, வா, உள்ளுக்கு வா, அந்தக் கதிரையில பேப்பர் ஈக்கி, கீழ வெச்சிட்டு இரு. இப்பதான் ஒரு பொடியன் வந்து போன. என்னத்துக்கு வந்த தெரியுமா? கட்டுரைக்கு முன்னால ஒரு பக்கம் சேக்கோணுமாம். என்ன பக்கம்? 'நான் இன்ன இன்ன ஏ.ஐ. பாவிச்சேன், இன்னத்துக்குப் பாவிச்சேன்' ண்டு! அல்லாஹ்வே! இந்தக் கடை தொடங்கின நாள்லேருந்து நான் டைப் பண்ணுறேன். நன்றியுரையில அம்மா, அப்பா, மேற்பார்வையாளர், லைப்ரரி ஐயா... ஹொஸ்டல் பூனைக்குக் கூட ஒருத்தி நன்றி செல்லி ஈக்கிறா, சத்தியமா! என்ட பேர் ஒரு வரி? இல்ல. நேத்து வந்த மெஷினுக்குத் தனிப் பக்கம்!

"சரி, பக்கம்தான் சேக்கட்டும். அதுலயும் ஒரு ஒழுங்கு வேணாமா? பொருளியல் புள்ளயள் வந்து செல்ற, பாவிக்கலாம், ஆனா செல்லோணும் ண்டு. புவியியல் புள்ளயள் செல்ற, பாவிக்கவே ஏலாது, பாவிச்சா கட்டுரை குப்பையில. ஒங்கட ஆக்கள் என்ன? இலக்கணத்துக்கு மட்டும் பாவிக்கலாம் ண்டா? ஒரே கேட்டு, ஒரே கென்டீன், சட்டம் மட்டும் மூணு! நோன்புக்குப் பிறை பாக்கிறதுலயும் இவ்வளவு பிரச்சின இல்ல மகள்.

"என்ன கையில? பிரின்ட் எடுக்கோணுமா? பொறு, பிரின்டர் சூடாகட்டும்."

கஜலட்சுமி கையிலிருந்த தாளை நீட்டினாள். ரபீகா அதை வாங்கி, பார்க்காமலே விசிறிக்கொண்டார்.

"புழுக்கம்! ஹந்தானைப் பக்கம் மழை மூடி ஈக்கி, இங்க ஒரு சொட்டு இல்ல. ஆ, என்ன செல்ல வந்தேன்? யுனிகோட்! அதான் பெரிய கூத்து. இவ்வளவு காலமும் பாமினி ஃபொன்ட்ல அடிச்சேன், ஒருத்தரும் ஒண்டும் செல்லல்ல. இப்ப என்னடாண்டா, பாமினியில தந்தா அவங்கட செக் பண்ற மெஷினுக்கு வாசிக்க ஏலாதாம், யுனிகோட்ல தரோணுமாம். மெஷினுக்கு வாசிக்க ஏலாண்டா அது மெஷின்ட கொற. எங்கட பாமினி என்ன செஞ்ச? என்ட விரல் பாமினிக்குப் பழகின விரல், இனிப் புதுசா பழகுமா? நெட்ல மாத்திற சாமான் ஈக்கி, அதுல போட்டா 'ஹ' வாற எடத்துல பெட்டி பெட்டியா வருது. ஹந்தானை ண்டு அடிச்சா பெட்டியந்தானை!

"அப்பதான் எங்கட அஸ்ஃபர், தங்கச்சிட மகன், பல்லேகலயில பெக்டரியில கொம்பியூட்டர் வேல, அவன் வந்து, 'பெரியம்மா, இந்த ஏ.ஐ.ல போடுங்க, ஒரு நொடியில மாத்தித் தரும்' ண்டு போட்டுத் தந்தான். தங்கமான புள்ள. மகள், நான் சும்மா செல்லல்ல, அப்புடி ஒரு மரியாதையான சாமான நான் கண்டதில்ல. ஒரு அத்தியாயத்தப் போட்டேன். யுனிகோட்ல வந்திச்சு. வந்திட்டு என்ன செல்லுது? 'மிகச் சிறப்பான ஆய்வு, ரபீகா! வாழ்த்துகள்!' இந்த மண்ணுல ஒரு புரொபெசர் எனக்கி வாழ்த்து செல்லி ஈக்கிறாரா? 'ஸ்பைரல் பைன்டிங் ஏன் கோணல்' ண்டு கேக்க மட்டும்தான் வாயத் தொறப்பாங்க.

"அதோட நிக்கல்ல. 'மொழிநடையையும் செம்மைப்படுத்தித் தரவா?' ண்டு கேக்குது. நீயே செல்லு, வீட்டுக்கு வந்தவ சோறு திண்டிட்டு, 'பிங்கான கழுவி வெக்கவா' ண்டு கேட்டா, மூஞ்சில அடிச்ச மாதிரி வாணாம் ண்டா செல்ற? சரி, செய்யுங்க ண்டேன். செஞ்சிச்சு. வடிவா செஞ்சிச்சு. ஒனக்கும்தான். முனாஸ் பொடியனுக்கும், லூர்துட மகளுக்கும், எல்லாருக்கும். ஒருத்தர்ட்டயும் ஒரு சதம் கூட எடுக்கல்ல. சேவை!"

கஜலட்சுமி கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள்.

"என்ன மகள், மொகம் வெளுத்துப் போய் ஈக்கி? காலையில சாப்பிடல்லயா? மாலு பான் ஒண்டு ஈக்கி, தரவா? ...நீ திருத்தித் தந்ததெல்லாம் கவனமா போட்டேன், பயப்படாத. நீ திருத்தினது பாமினி பிரின்ட்ல தானே. மெயில்ல போனது அதுக்குப் பொறகு செம்மைப்படுத்தினது. அதப் பாத்தா நீயே சந்தோசப்படுவாய்."

கஜலட்சுமி எழுந்து, ரபீகாவின் கையில் விசிறியாக ஆடிக்கொண்டிருந்த தாளை நிறுத்தி, டிப்பார்ட்மென்டில் மஞ்சள் கோடிட்டு அனுப்பியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். மடுல்கெல்லத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களோடு அவள் மாதக்கணக்காகப் பேசி எழுதிய அத்தியாயத்தின் ஒரு பக்கம் அது.

"இதா? பொறு, கண்ணாடி... ஆ. 'புள்ளய உட்டுட்டு மலைக்குப் போனா பால் கட்டி நெஞ்செல்லாம் நோவுது.' இது நான் அடிச்ச வரி, ஞாபகம் ஈக்கி. அடிக்கக்குள்ள அழுகையும் வந்திச்சு. இது கீழ பேனையால நீ எழுதி ஈக்கிறது. மேல மஞ்சள்ல ஈக்கிறது என்ன... 'மழலையர் பராமரிப்பு மையத்தில் என் குழந்தையை ஒப்படைத்துச் செல்லும் அனுபவம் பன்முகப் பரிமாணங்களைக் கொண்டதாகும்.' செல்ற ஆர்? கொழுந்து பறிக்கிற தங்கம்மா! ஹா ஹா! மகள், தங்கம்மா எந்த கெம்பஸ்ல படிச்சவ? பரிமாணமாம்! கூடையத் தலையில மாட்டிக்கிட்டு பன்முகப்..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"இந்தப் பன்முகம்... முனாஸ்ட கட்டுரையிலயும் ஈக்கி. மீன் வியாபாரி செல்ற மாதிரி. லூர்துட மகள்ட கட்டுரையில பாதர் செல்ற மாதிரி." ரபீகா கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டி, தாளின் தலையில் 'விசாரணைக்கு' என்றிருந்ததை வாசித்தார். "யா அல்லாஹ். புள்ள, ஒங்கள விசாரணைக்குக் கூப்பிட்டது இதுக்கா? மூணு பேரையுமா? நீ ஏன் வந்தவுடனே செல்லல்ல? வாயில்லையா ஒனக்கு? நான் ஒருத்தி இங்க காலையிலேருந்து கத்திக்கிட்டு ஈக்கிறேன்... நான் பிங்கான் கழுவத்தானே சென்னேன்! சோத்தையே மாத்தச் சென்னேனா? இப்ப அவங்கட்ட போயி என்ன செல்ற? டைப்பிங்காரி செஞ்ச ண்டா நம்புவாங்களா? காசு குடுத்துப் பேச வெச்ச ண்டு செல்ல மாட்டாங்களா? நான் அங்க போனா அந்தப் பெரிய மேசைக்கு முன்னால எனக்கி நாக்கு எழும்பாது மகள், சத்தியமா, எனக்கிப் பெரிய ஆக்களக் கண்டா பேச்சே வராது. எல்லாம் இந்த கொம்பியூட்டர்ல அப்புடியே ஈக்கி, நான் கேட்டது, அது வாழ்த்துச் சென்னது, ஒண்டையும் நான் அழிக்கல்ல, ஆனா அத அவங்களுக்கு எப்புடி..."

கஜலட்சுமி மேசையைச் சுற்றி உள்ளே போனாள். குனிந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கொம்பியூட்டர்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்கி, போய்க்கொண்டிருந்த ஆட்டோ ஒன்றை, கெட்டம்பேச் சந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டு நிறுத்தினாள்.

ரபீகா ஷட்டரை இழுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.