பல்கனியில் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

பனிப்புயல் ஓய்ந்த மறுநாள், டோர்ட்முண்ட் ட்ராமில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும், எதிரே அவர்களுக்குத் தெரிந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கட பல்கனியில அறுபத்திரண்டு சென்டிமீட்டர்," என்றார் கணவர்.

"றேடியோவில முப்பது எண்டெல்லோ சொன்னவங்கள், அண்ணை."

"றேடியோக்காரன் என்ர பல்கனிக்கு வந்தவனோ? இவளின்ர தையல் நாடாவால அளந்தனான். மூலையில நல்லாக் குவிஞ்சு கிடந்தது. நிலத்தில இருந்து உச்சி வரைக்கும் பிடிச்சுப் பார்த்தன்."

யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினார். "எந்த மூலையில?"

"கதவுக்குப் பக்கத்து மூலைதான். உடனயே கனடாவுக்கு ரெலிபோன் எடுத்து மச்சானுக்குச் சொன்னனான். ஜெர்மனியில விழுறதும் ஒரு பனியோ எண்டு ஒவ்வொரு வருசமும் நக்கலடிக்கிற மனுசன். நேற்று மூச்சுக் காட்டேல்லை."

"அந்த மூலையிலதான் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி இருக்கு. பிரிட்ஜுக்குள்ள இடமில்லை, வெளியில வை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "பெரிய சட்டியோ, அக்கா?"

"முப்பது பேருக்குச் சமைக்கிற சட்டி."

கணவர் இரண்டு கைகளையும் விரித்துச் சட்டியின் உயரத்தைக் கணக்குப் பார்த்தார்.

"அப்ப கனடாவுக்குத் திருப்பி எடுத்துச் சொல்லவேணும், அண்ணை."

"சொல்லத்தான் வேணும்," என்றார் கணவர். "அதுக்கு முதல், போன வருசம் மச்சான் தன்ர வீட்டில எண்டு சொன்ன எண்பது சென்டிமீட்டருக்குள்ள என்ன சட்டி கிடந்ததெண்டு கேக்கப்போறன்."