சத்தம் போடாத சட்டை

இல்ல மிஸ், நான் தூங்கல. விசாரண ரிப்போர்ட்டுல அத மட்டும் மாத்தி எழுதிடுங்க. மூணாம் நம்பர் கோல்ட் ரூம்ல, நாலாவது தட்டுல, ரெண்டு மணி நாப்பது நிமிசம் உக்காந்திருந்தேன். அது உண்மை, இல்லேன்னு சொல்லல. கேமராவுல ஆடாம அசையாம இருந்தா அதுக்குத் தூக்கம்னு அர்த்தமா? ஆடாம இருக்கறதுதான் மிஸ் வேலையே. பதினேழு வருசமா இந்த புக்கிட் பெருந்துங் ஐஸ் ஸ்டோர்லதான் பெட்டி தூக்குறேன். அழகேசன் தூங்குனான்னு ஒருத்தர் வந்து சொல்லட்டும் பாப்போம்.

டியூட்டியா? ரெண்டு மணிக்கே முடிஞ்சிருச்சி. கார்டு அடிச்சிட்டுத்தான் மறுபடி உள்ள போனேன். கம்பெனி நேரத்துல ஒரு நிமிசம் எடுக்கல.

எதுக்குன்னா... நீங்களே சொல்லுங்க மிஸ், இந்த சிலாங்கூர்ல குளிருற எடம் வேற எங்க இருக்கு?

கேலி இல்ல, நெசமாத்தான் கேக்குறேன். அடுத்த மாசம் நான் கனடா போறேன்ல. லீவு பாரம் உங்க மேசையிலதான் இருக்கு, அந்தப் பச்ச பைலுக்கு அடியில மூலை தெரியுது பாருங்க. எம்மவ கங்கா அங்கதான் கல்யாணம் கட்டிப் போயிருக்கா. வெள்ளக்கார மாப்பிள்ள. ஊரு பேரு எனக்கு வாயில நொழையாது. மாப்பிள்ளையோட அப்பா, கிளென்னு பேரு, எனக்கு சம்பந்தி. அவரு வில்லு வேட்டக்காரரு. மரத்துல இருவது அடி ஒசரத்துல சீட்டு கட்டி வச்சிருக்காரு. விடியறதுக்கு முன்ன ஏறி உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் எறங்க மாட்டாராம். கீழ மான் வரணும், வந்தா அம்பு. இந்த வருசம் நானும் கூட ஏறி உக்காரணும்.

சிரிங்க, சிரிங்க. என் சம்சாரம் உஷாராணியும் இப்படித்தான் சிரிச்சா.

எனக்கும் வேட்டையெல்லாம் தெரியாம இல்ல மிஸ். எஸ்டேட்ல பொறந்தவன்தானே. எங்க தோட்டத்துல பன்னி வேட்டைன்னா நாயி ஒரு பக்கம் கொலைக்கும், நாங்க தகரத்தத் தட்டிக்கிட்டு ஹோ ஹோன்னு கத்துவோம். செம்பனத் தோட்டமே அலறும். அதுல நான்தான் மொத ஆளு, எனக்குத்தான் தொண்ட பெருசு. சம்பந்தி ஊருல தலைகீழு. தும்மக் கூடாது, செருமக் கூடாது. சட்டையே சத்தம் போடக் கூடாதாம். சட்ட எங்க மிஸ் சத்தம் போடும்? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

இந்தாங்க, நம்ம கம்பெனி குடுத்த ப்ரீசர் ஜாக்கெட்ட எடுத்துக்குங்க. கதகதன்னு நல்லாத்தான் இருக்கும், கொற சொல்லல. ஆனா நைலான். கைய ஒரு தடவ தூக்குங்க, முறுக்கு பாக்கெட்டப் பிரிக்கிற மாதிரி சரசரங்கும். மானுக்குக் காது அப்படி, இப்படித் திரும்புமாம், நம்ம சூப்பர்வைசர் சுகுமாரன் மாதிரி.

எழுதாதீங்க மிஸ் அத.

அதனால ராவாங் பண்டல் கடைக்குப் போனேன். ஜப்பான்காரன், கொரியாக்காரன் போட்டுக் கழிச்ச துணியெல்லாம் குமிச்சி வச்சிருப்பான்ல, அங்க. ஒவ்வொரு கோட்டா எடுத்து காதுகிட்ட வச்சித் தேச்சிப் பாத்தேன். தேச்சிட்டு ரெண்டு கையையும் மெதுவாத் தூக்கி வில்லு இழுக்குற மாதிரி இழுத்துப் பாத்தேன். கடைக்காரப் பொண்ணு அம்பது கோட்டு வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு, அங்கிள், யாருக்காச்சும் போன் பண்ணணுமான்னு கேட்டுச்சி. நான் சொன்னேன், கொஞ்ச நேரம் பாட்ட நிறுத்தும்மா, எனக்குக் கம்பளி பேசுறது கேக்கலன்னு.

கெடச்சிச்சி மிஸ். கடைசியா கெடச்சிச்சி. காப்பிக் கலர்ல ஆட்டுமசுருக் கம்பளிக் கோட்டு, தேச்சா பூனைய தடவுற மாதிரிதான் இருக்கு. ஆனா காத்து உள்ள பூந்துரும். அதுக்கு உள்ளுக்குள்ள ஒரு மழச்சட்டத் துணி. அத வெளிய போட்டா சரசரங்கும், கம்பளிக்கு உள்ள போட்டா அதோட வாய் அடங்கிரும். அதுக்கும் உள்ள ஒடம்ப ஒட்டி மெல்லிசா ஒரு கம்பளி பனியன். பருத்தி பனியன் கூடவே கூடாது. வேர்வையக் குடிச்சி வச்சிக்கிட்டு, அப்பறம் ஐஸாட்டம் முதுகுல ஒட்டிக்கும். ஒட்டுப் பட்டியெல்லாம் பிரிச்சிட்டேன், பிரிக்கும்போது கர்ருன்னு கத்துதுல்ல. ஜிப்பு நுனியில தொங்குற இரும்புக்கு நூல் சுத்திட்டேன். எடது கைய மட்டும் இறுக்கித் தச்சிக்கிட்டேன், தொளதொளன்னு இருந்தா வில்லு நாணு சட்டையில அடிக்குமாம்.

வில்லு வச்சிருந்தேனா? ஐயோ, கேமராவுல வில்லு மாதிரி தெரிஞ்சது மாப்புக் கட்ட மிஸ். நம்ம கோல்ட் ரூம் மாப்புதான். சும்மா கைப் பழக்கத்துக்கு.

சரி, தச்சாச்சி. எங்க போட்டுப் பாக்குறது? புக்கிட் செந்தோசாவுல எங்க வீட்டுல மத்தியானத்துல அதப் போட்டுக்கிட்டு வாசலுக்குப் போனேன். ஆறு நிமிசந்தான் நின்னேன். உஷாராணி தண்ணி தெளிச்சி எழுப்புனா. அப்பறம் ரூம்ல ஏர்கோன பதினாறுல வச்சிட்டு அலமாரி மேல ஏறி உக்காந்தேன், ஒசரமும் வேணும்ல. அலமாரி பலகை அட்டையாம், எனக்கு அது தெரியாது. அதுக்கப்பறம் சுங்கை செம்பிலாங்ல என் மச்சான் விமலன் மீன் ஏத்துற லோரி ஓட்டுறான், அவன் ஆளு பிடிச்சி ஒரு ஐஸ் ஸ்டோருக்குள்ள விட்டான். குளிரு பரவால்ல. ஆனா ஒரு மணி நேரம் கெம்போங் மீனு பக்கத்துல உக்காந்ததுல கம்பளி முழுக்க மீனு வாட. சம்பந்தி படிச்சிப் படிச்சி சொல்லியிருக்காரு, வாட இருக்கவே கூடாதுன்னு. தலைக்கு எண்ண கெடையாது, தைலம் கெடையாது, வாசன சவுக்காரம் கெடையாதுன்னு நான் மூணு வாரமா விரதம் இருக்கேன். அன்னைக்கு பஸ் ஸ்டாப்புலேர்ந்து வீடு வரைக்கும் பதினோரு பூன எம்பின்னாலயே வந்துச்சி மிஸ். மான் வராது. பூன வேணா வரும்.

அப்பத்தான் நம்ம கோல்ட் ரூம் ஞாபகம் வந்துச்சி. கழுவுன மாதிரி சுத்தம், ஒரு வாட இல்ல. மைனஸ் பதினெட்டு. அங்கயும் காலையில கிட்டத்தட்ட அவ்ளோதானாம். நாலாவது தட்டும் இருவது அடி. கடவுளே எனக்காகக் கட்டி வச்ச மாதிரி.

பெல்ட் போட்டிருந்தேன் மிஸ்! அத எழுதுங்க. சேப்டி பெல்ட்ட ரேக்குத் தூணோட கட்டிட்டுத்தான் உக்காந்தேன். மரத்துல ஏறுறவன் கயிறு இல்லாம ஏறக் கூடாதுன்னு சம்பந்தியோட கட்டள. நம்ம ஆளுங்களே நாலாவது தட்டுல பெல்ட் போடறதில்ல, தெரியுமா? யாருன்னு கேக்காதீங்க.

ரொட்டி சானாய்க்கு வரேன், வரேன். நாப்பது பெட்டி பரோட்டா விழுந்துச்சி, உண்மைதான். ஆனா நான் தள்ளல. நேப்பாளக்காரர் பிரேம் போர்க்லிப்ட்ல வந்தாரு. நான் பட்டாணி பெட்டிக்கும் ரொட்டி சானாய் பெட்டிக்கும் நடுவுல காப்பிக் கலரா உக்காந்திருக்கேன். அவருக்குத் தெரியல. எனக்கு உள்ளுக்குள்ள என்னா சந்தோசம் தெரியுமா, மான் கீழ வந்துருச்சி, என்னைப் பாக்கலன்னு. மாப்ப மெதுவாத் தூக்குனேன். ஒரு சத்தம் வரல மிஸ், கோட்டு அவ்ளோ அருமையான கோட்டு. அந்நேரம் பாத்து அவரு மேல நிமிந்தாரு. முகமூடியில என் கண்ணு ரெண்டுதான் தெரியும். அவரு பூத் பூத்துன்னு, அதான் பேயி பேயின்னு அலறி ரிவர்ஸ் எடுத்தாரு, எதுத்த ரேக்குல இடிச்சாரு, அதுல இருந்த ரொட்டி சானாய் மழையாக் கொட்டிச்சி. பாவம், அவரு சம்பளத்துல கை வச்சிடாதீங்க. குத்தம் என்னுது.

சுகுமாரன் கூப்புட்டாரு, கேட்டுச்சி. அண்ணே, அழகேசண்ணே, உசுரோட இருக்கீங்களான்னு மூணு தடவ கூப்புட்டாரு. நான் ஏன் பதில் சொல்லலன்னா... எப்படிச் சொல்றது. ரெண்டு மணி நாப்பது நிமிசம் ஆயிருச்சி மிஸ். என் வாழ்க்கையில நான் அவ்ளோ நேரம் பேசாம இருந்ததே இல்ல. இன்னும் இருவது நிமிசம் போனா மூணு மணி நேரம். பேசிட்டா எல்லாம் போச்சேன்னு இருந்துட்டேன். அவரு ஏணி வச்சி ஏறி வந்து என் மூக்குல வெரல வச்சாரு. ஷ்ஷ்னேன். அவ்ளோதான் சொன்னேன். அவரு ரெண்டு படிதான் சறுக்குனாரு, மீன் உருண்டப் பெட்டி மேல உக்காந்துட்டாரு. அடியெல்லாம் ஒன்னும் இல்ல, மனசுதான் கொஞ்சம் ஆடிப் போச்சி. நேத்து போய் மன்னிப்பு கேட்டேன். அண்ணே, இனிமே நீங்க பேசிக்கிட்டே இருங்கண்ணே, போதும்னாரு.

ஆகட்டும், வார்னிங் லெட்டர் குடுங்க, வாங்கிக்கிறேன். ரொட்டி சானாய் காச என் சம்பளத்துல புடிச்சிக்குங்க. போனஸ் வேணான்னாலும் சரி. அந்த லீவு பாரத்துல மட்டும் கை வச்சிடாதீங்க மிஸ். மூணு வாரம். இந்த வருசம் போகலன்னா அப்பறம் எப்பவுமே இல்ல.

மானா? எனக்கு எதுக்கு மிஸ் மானு? ஐம்பத்தெட்டு வயசுல நான் மான் அடிச்சி என்னா பண்ணப் போறேன். அங்க வில்லு தொடறதுக்கே எனக்கு லைசன் கெடையாது, சும்மா பக்கத்துல உக்காரத்தான்.

அவருந்தான் அடிக்கறதில்லியே.

ஆமா மிஸ், அடிக்கறதில்ல. அது மாப்பிள்ளைக்கே தெரியல, கங்காதான் கண்டுபிடிச்சா. கார் ஷெட்டப் பெருக்கையில பாத்திருக்கா, அம்பெல்லாம் பெட்டியிலயே தூசி ஏறிக் கெடக்காம். மனுசன் வெறும் வில்லத் தூக்கிக்கிட்டுப் போயி மரத்துல உக்காந்துட்டு வராரு. ரெண்டு வருசமா. அது ரெண்டு பேரு உக்கார்ர சீட்டாம். சம்பந்தியம்மா இருக்கும்போது அவங்களும் கூட ஏறி உக்காருவாங்களாம். ரெண்டு வருசத்துக்கு முந்தி, மொத பனி விழுந்த வாரத்துல தவறிட்டாங்க. அதுலேர்ந்து அந்தப் பக்கத்துல யாரையும் உக்கார விடறதில்ல, மகனக்கூட. போன வருசம் எறங்காம இருந்து குளிருல ரெண்டு வெரல் நுனி கறுத்துப் போச்சி. கீழ நின்னு கங்கா கூப்புட்டுக் கூப்புட்டு அழுதிருக்கா. வேட்டையில இருக்கேன், சத்தம் போடாதம்மான்னு மேலேர்ந்து சொல்றாராம்.

போன மாசம் சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது அவராவே கேட்டாராம் கங்காகிட்ட. உங்கப்பா வராரே, சத்தம் போடாம உக்காருவாரான்னு.

உக்காருவாருன்னு சொல்லிட்டா மிஸ். எம்மவளுக்கு இருவத்தொம்பது வயசு. அஞ்சு நிமிசம் நான் வாய மூடி அவ பாத்ததில்ல.

சரி, எங்க கையெழுத்துப் போடணும்? இங்கயா?