புகைபோக்கி தெரியும் படம்

"இது நெசமாவே நெட்டுக்குப்பத்துல காயவெச்ச கருவாடுதானுங்களா?" என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். வெளியூரிலிருந்து எனக்கு வந்த முதல் ஆர்டர் அது. எண்ணூரை ஒட்டிய எங்கள் நெட்டுக்குப்பத்தில் அம்மா காயவைக்கும் நெத்திலியை இணையத்தில் விற்பவள் நான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவளும் நான்தான். என்னைப் போய் இப்படிக் கேட்டுவிட்டாரே என்ற கோபத்தோடு ராயபுரம் பேருந்தில் ஏறினேன்.

முன் இருக்கையில் ஆன்லைனில் சென்ட் விற்கும் ஒரு அக்கா, புதிதாக அதே வியாபாரத்தில் இறங்கிய தோழிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஒரிஜினலான்னு கேட்டா பேஜாராவாதடி. எண்ணூர் கரைல நின்னுகினு, பின்னாடி கப்பல் தெரியறாப்ல பாட்டில புடிச்சு வீடியோ அனுப்பு."

"அந்தக் கப்பல்ல சென்ட்டாக்கா வருது?"

"நிலக்கரி வருது. சென்ட்டு அதுல வந்துச்சுன்னு நாம சொன்னோமா இன்னா? அவங்களா நெனச்சுக்குவாங்க."

"சென்ட்டு எங்கேர்ந்து வருது?"

"எங்க வூட்டு மாடிலேர்ந்து. நாந்தான் ரொப்பறேன்."

"அப்பவும் டவுட்டு கேட்டா?"

"'டூப்ளிகேட் ஜாஸ்தியா கீது, உஷாரா இருங்க மேடம்'னு நீயே சொல்லிடு. அப்பால எவன்கிட்ட போவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. என் விளம்பரத்தில் இருக்கும் நீலக் கடல், இணையத்திலிருந்து நான் எடுத்துப் போட்ட வேறெங்கோ உள்ள கடல்.

ராயபுரம் வருவதற்குள் அதை அழித்துவிட்டேன். அம்மா வலைமேல் நெத்திலியைப் பரப்பும் படம் ஒன்று, பின்னால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிகிறதே என்று நான் ஒதுக்கி வைத்திருந்தது, இப்போது கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.