தலைக்கு மேலே பறந்த ட்ரோன்

காரைக்குடியிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த கல்யாண வீடியோக்காரர் பக்கத்து இளைஞரிடம் சொன்னார்: "ட்ரோனை நானே போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டேன் தம்பி."

"ஏண்ணே, யாரும் புகார் கொடுத்தாகளா?"

"இல்ல. கொத்தமங்கலத்துக் கல்யாணத்துல, ஆளுக தலைக்கு மேல பறக்கவிடக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் விட்டேன். காத்துல சாஞ்சு, பந்தி பரிமாறுன அக்கா முகத்துல றெக்கை வெட்டிருச்சு. வலது கண்ணு. நல்ல காரியத்துல போலீஸ் வேண்டாம்னு அந்த அக்காவே சொல்லிட்டாக."

"அப்புறம் ஏண்ணே போனீக?"

"அந்த அக்கா என்னைய ஒரு வார்த்தை திட்டலப்பா. அதைத்தான் தாங்க முடியல."

"இப்ப எங்குட்டுப் போறீக?"

"கண் ஆஸ்பத்திரிக்கு. இன்னைக்குக் கட்டுப் பிரிக்கிறாக. பார்வை வருமான்னு டாக்டருக்கே தெரியல. அவுக கண்ணைத் திறக்கையில நான் எதிர்ல நிக்கணும்ல."